குன்சும் கணவாயை எட்டாத பயணம்

மாலை ஐந்து மணி இருக்கும். வாங்டு பாலத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் எங்கள் பேருந்து நின்றது. முன்னால் வரிசையாகச் சரக்குந்துகள், ஜீப்புகள், இன்னும் இரண்டு பேருந்துகள். நடத்துநர் இறங்கிச் சென்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "மலை இறங்கியிருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். அவர் குரலில் வியப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்திருக்கிறது என்று சொல்வதைப் போலவே அதையும் சொன்னார்.

நாங்கள் மூவர். ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். எங்களில் மூத்தவர் சென்ற ஆண்டு பணிநிறைவு பெற்றவர். அவரை நாங்கள் இருவரும் 'அண்ணன்' என்றே அழைப்போம். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தனி வாகனம் வைத்துக்கொள்ளாமல், ஊர்ப் பேருந்துகளிலேயே ஸ்பிதி பள்ளத்தாக்கைச் சுற்றி வரவேண்டும் என்பது அவருடைய பல ஆண்டுக் கனவு. அதற்கென்றே மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் இட்டு வந்தார். அது முதிர்வடைந்த ஆண்டின் செப்டம்பர் மாதத்தில் நாங்கள் புறப்பட்டோம்.

எங்கள் திட்டம் எளிமையானது. சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டத்தின் தலைநகரான ரெக்காங் பியோ. அங்கிருந்து கல்பா, நாக்கோ, தாபோ என்று ஒவ்வோர் ஊரிலும் தங்கி, மெல்ல மெல்ல உயர்ந்து காஸாவை அடைவது. அதன்பின் ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து, மணாலி வழியாகக் கீழே இறங்குவது. ஒரு வட்டம் முழுமையாகிவிடும். தாளில் எழுதியபோது அது மிக அழகாகவே இருந்தது.

மலையைக் குடைந்த சாலை

சிம்லாவிலிருந்து வடகிழக்கே செல்லும் இந்தச் சாலைக்கு வயது அதிகம். டல்ஹௌசி பிரபு தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், 1850இல், திபெத்துடன் வணிகம் செய்யும் நோக்கில் தொடங்கப்பட்டது இது. இந்துஸ்தான்–திபெத் சாலை என்பது அதன் பழைய பெயர். குதிரையும் கோவேறு கழுதையும் சென்ற தடத்தில் இன்று பேருந்துகள் ஓடுகின்றன. நார்கண்டாவின் தேவதாரு மரங்களைக் கடந்து, ராம்பூரில் சட்லெஜ் ஆற்றங்கரைக்கு இறங்கியதும் காட்சி மாறிவிடுகிறது. அதன்பின் ஆறும் சாலையும் பிரிவதே இல்லை. சில இடங்களில் ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் பல நூறு அடி ஆழத்தில் ஆறு, தலைக்கு மேலும் பாறை. மலையின் பக்கவாட்டில் ஒரு வரி கீறி, அந்தக் கீறலுக்குள் பேருந்தை ஓட்டுவது போன்ற தோற்றம்.

தராண்டா என்னும் இடத்தில் சாலையோரம் ஒரு தேவி கோயில் இருக்கிறது. வண்டிகள் அங்கே நின்றுதான் செல்கின்றன. எங்கள் ஓட்டுநரும் நிறுத்தினார். இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்து, ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மீண்டும் அமர்ந்தார். அந்த வழக்கம் வெறும் சடங்கு அன்று என்பது சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், இதே சாலையில் நிகுல்சாரி அருகே மலைச்சரிவில் ஓர் அரசுப் பேருந்தும் வேறு வாகனங்களும் புதையுண்டன. 28 பேர் உயிரிழந்தனர். அந்த இடத்தைக் கடக்கும்போது பேருந்துக்குள் பேச்சு தானாகவே நின்றுபோனது.

இமயம் இளமையான மலைத்தொடர். நிலத்தட்டுகளின் மோதலால் அது இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. முறிந்தும் மடிந்தும் கிடக்கும் பாறைகளுக்கிடையே நீர் புகும், இரவில் உறையும், பகலில் உருகும். சாலைக்காக அடிவாரத்தை வெட்டும்போது மேலே உள்ள சரிவு தன் பிடிப்பை இழக்கிறது. ஒரு நல்ல மழை போதும். எனவேதான் இங்கே சாலை போடுவது என்பது ஒருமுறை முடிந்துவிடும் வேலை அன்று. நாள்தோறும் தொடரும் வேலை.

ஓர் இரவும் அரைப் பகலும்

அன்றிரவு பேருந்திலேயே கழிந்தது. ஒரு வரிசைக்கு ஐந்து பேர் அமரும் இருக்கைகள்; முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையே விரற்கடை இடம். எங்கள் தோள்பைகள் ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ. கூரை மேல் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டதை எண்ணி முதலில் வருந்தினோம். குளிர் ஏறியதும் அவற்றையே அணைத்துக்கொண்டோம்.

எங்களுக்கு அடுத்த இருக்கையில், பச்சைப் பட்டை வைத்த கின்னௌர் தொப்பி அணிந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அம்மாஜி என்றார்கள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அவர் தம் பையைத் திறந்து, எதுவும் கேட்காமல், ஆளுக்கொரு ஆப்பிளும் ஒரு பிடி உலர்ந்த சர்க்கரைப் பாதாமியும் கொடுத்தார். வீடு எவ்வளவு தொலைவு என்று கேட்டோம். "நடந்தால் நாளை, பேருந்தில் போனால் கடவுளுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

எதிர்த் திசையில் நின்ற சரக்குந்துகள் எல்லாம் ஆப்பிள் ஏற்றியவை. கின்னௌரின் அறுவடைக் காலம் அது. ஓர் ஓட்டுநர் பெட்டிகளின் மேல் விரித்திருந்த தார்ப்பாயை விலக்கிக் காற்றுப் படும்படி செய்துகொண்டிருந்தார். சந்தை ஒரு நாள் தவறினால் விலை மாறிவிடும். இரண்டு நாள் தவறினால் பழத்தின் தரமே மாறிவிடும் என்றார் அவர். எங்களுக்கு அந்த மலைச்சரிவு ஓர் அனுபவம். அவருக்கும் அவருக்குப் பின்னால் இருந்த தோட்டக்காரருக்கும் அது ஓராண்டு வருமானம். அதன்பின் எங்கள் முழங்கால் வலியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

விடிந்ததும் மண்வாரும் இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. ஒரு பாறையைத் தள்ளினால் மேலிருந்து மற்றொன்று வந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வண்டி செல்லும் அளவுக்கு வழி கிடைத்தது. பயணிகள் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, வெறும் பேருந்தை ஓட்டுநர் தனியாகக் கடத்தினார். நடத்துநர் பின்னால் நடந்துகொண்டே ஊதலால் வழிகாட்டினார். அக்கரையில் மீண்டும் ஏறியபோது யாரோ கைதட்டினார்கள். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் செய்த தவறு

மாலையில் ரெக்காங் பியோ வந்து சேர்ந்தோம். உயரம் 2,290 மீட்டர். ஒரு நாள் கைவிட்டுப் போயிருந்தது. எங்களில் இருவருக்கு விடுமுறை எண்ணி எடுத்தது. திரும்பும் ரயிலுக்கும் பதிவு செய்தாகிவிட்டது. அன்றிரவு விடுதி அறையில் திட்டத் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசினோம். கல்பாவை விட்டுவிடலாம்; நாக்கோவிலும் தாபோவிலும் தங்காமல், அதிகாலைப் பேருந்தில் நேராகக் காஸாவுக்கே போய்விடலாம் என்று முடிவாயிற்று. இழந்த ஒரு நாளை மீட்பதுடன் மேலும் இரண்டு நாளை மிச்சப்படுத்தியதாக மகிழ்ந்தோம்.

அந்தப் பேருந்துப் பயணம் சுமார் 200 கிலோமீட்டர். பகல் முழுவதும் ஆயிற்று. காப் என்னும் இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜுடன் கலக்கிறது. அங்கிருந்து சாலை ஊசிமுனை வளைவுகளாக மேலேறும்போது மரங்கள் மறைந்துவிடுகின்றன. பழுப்பும் சாம்பலும் ஊதாவுமாக வெற்று மலைகள். இடையிடையே ஓடை நீரை நம்பிய ஒரு துண்டு பச்சை வயல், பத்து வீடுகள். பருவக்காற்றை இமயத்தின் முன்வரிசை மலைகள் தடுத்துவிடுவதால் இங்கே மழை மிகக் குறைவு. இதைக் குளிர்ப் பாலைவனம் என்பார்கள். சன்னலைத் திறந்தால் முகத்தில் படியும் புழுதியே அதற்குச் சான்று.

அந்தி வேளையில் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் காஸாவில் இறங்கினோம். ஒரே பகலில் 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தோம். தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான் என்பதை வாசகர்கள் நினைவிற்கொண்டால் அதன் பொருள் விளங்கும்.

மறுநாள் ஓய்வெடுத்திருக்க வேண்டும். நாங்களோ வாடகை வண்டி ஒன்றைப் பேசி, மேலும் உயரத்தில் இருக்கும் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டோம். லாங்சாவில் டெத்திஸ் என்னும் பழங்கடலின் உயிரினங்கள் கல்லாகிக் கிடக்கும் நிலத்தைக் கண்டோம். ஏறத்தாழ 4,580 மீட்டர் உயரத்தில் உள்ள கோமிக் கிராமத்தின் மடத்தில் தேநீர் பருகினோம். ஏறத்தாழ 4,400 மீட்டரில், 1983 முதல் இயங்கிவரும் ஹிக்கிம் அஞ்சலகத்தில் எங்கள் வீடுகளுக்கு அட்டை எழுதிப் போட்டோம். அந்தச் சிறிய அஞ்சலகம் சுற்றுலாப் பயணிகளின் அட்டைகளுக்காக மட்டும் இருப்பதன்று. சுற்றுவட்டார மக்களின் கடிதங்களும் சேமிப்பும் அதன் வழியாகவே செல்கின்றன. அண்ணன் தம் அட்டையில் நெடுநேரம் எழுதினார். படியிறங்கும்போது ஒருமுறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அதைக் கவனித்தோம், ஆனால் கேட்கவில்லை.

காஸாவின் மருத்துவமனையில்

அன்றிரவு அண்ணன் உண்ணவில்லை. களைப்பு என்றார். நள்ளிரவுக்குப் பின் இருமுறை வாந்தி எடுத்தார். விளக்கைப் போட்டபோதுதான் உண்மையைச் சொன்னார்: காஸாவில் இறங்கிய மாலையிலிருந்தே தலைவலி, மாத்திரை விழுங்கியும் தணியவில்லை. "ஏன் அண்ணே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "என் கனவுக்காக நீங்கள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறீர்கள். என்னாலேயே அது கெட வேண்டுமா?" என்றார்.

பொழுது விடிந்ததும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பணியில் இருந்தவர் இளம் மருத்துவர். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஆக்சிஜன் செறிவு எண்பதுகளின் நடுவில் இருந்தது. அண்ணனுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில். குதிகாலையும் விரலையும் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஒரே ஒரு முறை தடுமாறினார். மருத்துவரின் முகம் மாறியதைக் கண்டோம்.

அவர் விளக்கியதன் சாரம் இது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஆனால் உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. காஸாவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். நேரம் கொடுக்காவிட்டால் தலைவலி, குமட்டல், சோர்வு, உறக்கமின்மை என்று தொடங்கி, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் வலிமையும் நடைப்பயிற்சியும் இதிலிருந்து காப்பதில்லை, இளைஞர்களுக்கும் வரும்.

"இப்போதே கீழே இறங்குங்கள்" என்றார் மருத்துவர். மணாலி வழியாக இறங்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அமைதியாகச் சொன்னார்: "அந்த வழியில் இறங்குவதற்கு முன் குன்சும் வரை ஏறவேண்டும். கணவாயைத் தாண்டிப் பல மணி நேரத்துக்கு மருத்துவமனை கிடையாது. வந்த வழியே திரும்புங்கள்."

ஆக, எங்கள் வட்டம் அங்கேயே முறிந்தது. அண்ணன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்த பின்னர் புறப்பட ஆயத்தமானோம். காலைப் பேருந்து போய்விட்டிருந்தது. வண்டிக்காரர் ஒருவர் தாபோ வரை வர ஒப்புக்கொண்டார். ஆனால் ரொக்கமாக வேண்டும் என்றார். அன்று கைப்பேசித் தொடர்பு இல்லை. தானியங்கிப் பணப் பொறியும் இயங்கவில்லை. எங்கள் இருவரிடமும் இருந்த தொகையைச் சேர்த்தாலும் பாதிக்கு மேல் தேறவில்லை. அப்போது அண்ணன் தம் சட்டையின் உட்பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார். நூறும் இருநூறுமாக மடித்த தாள்கள். புறப்படும்போது "இந்தக் காலத்தில் இவ்வளவு ரொக்கம் எதற்கு அண்ணே?" என்று நாங்கள் கேலி செய்த அதே பை.

தாபோவின் மண் சுவர்கள்

காஸாவிலிருந்து தாபோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உயரமோ 400 மீட்டரளவு குறைவு. அந்த வேறுபாடு போதுமா என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. வழியெல்லாம் மாறி மாறி அவருடன் பேசிக்கொண்டே வந்தோம். பழைய அலுவலகக் கதைகளைக் கேட்டு, பதில் சரியாக வருகிறதா என்று கவனித்தோம். இரவு பதினொரு மணியளவில் அவர் தாமாகவே கஞ்சி கேட்டார். மறுநாள் காலை விழித்தபோது தலைவலி பெரிதும் தணிந்திருந்தது. நாங்கள் இருவரும் வெளியே வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், சிறிது நேரம் நின்றோம்.

தாபோவில் இரண்டு நாள் தங்கினோம். அங்குள்ள மடம் கி.பி. 996இல் எழுப்பப்பட்டது. மேற்குத் திபெத்திய அரசர் யேஷே ஓவின் ஆதரவுடனும், மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போவின் காலத்துப் பெருமுயற்சியுடனும் தொடர்புடையது அது. வெளியே வெறும் மண் சுவர்கள். நம் கிராமத்துக் களஞ்சியங்களைப் போன்ற தோற்றம். உள்ளே நுழைந்து இருட்டுக்குக் கண் பழகியதும், சுவர்களில் ஆயிரம் ஆண்டு வண்ணங்கள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. சுவரோடு சேர்ந்த சுதை உருவங்கள் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. இமயத்தின் அஜந்தா என்று இதனைச் சொல்வதுண்டு. 1975 சனவரி 19 அன்று கின்னௌரைக் குலுக்கிய நிலநடுக்கத்திலும் சேதங்களோடு தப்பி நின்றவை இந்தச் சுவர்கள்.

அண்ணன் அங்கே நெடுநேரம் அமர்ந்திருந்தார். முதல் திட்டத்தில் தாபோவுக்கு ஓர் இரவு ஒதுக்கியிருந்தோம். இரண்டாம் திட்டத்தில் அதையும் நீக்கிவிட்டு, பேருந்துச் சன்னல் வழியே இந்த ஊரைக் கடந்து சென்றிருந்தோம். நோய் வந்திராவிட்டால் இதைக் கண்டிருக்கவே மாட்டோம். இதனால் நோய் நல்லது என்று ஆகிவிடாது. அவசரம் எதை விலையாகக் கேட்கிறது என்பது மட்டும் தெளிவாயிற்று.

பின்னர் பேருந்தில் ரெக்காங் பியோ, அங்கிருந்து கல்பா. விடியற்காலையில், எதிரே கின்னர் கைலாசத்தின் பனிமுகட்டில் முதல் ஒளி படுவதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தது உங்களுக்குச் செய்த நன்மை அன்று." நாங்களும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஹிக்கிமில் அவர் சுவரைப் பிடித்தபோது நாங்கள் பார்த்தோம் என்பதையும், திட்டம் கெட்டுவிடுமோ என்றுதான் கேட்காமல் இருந்தோம் என்பதையும் சொன்னோம். அவர் தலையசைத்தார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

செல்ல விரும்புவோர் கவனத்திற்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகளை வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

உயரம்: 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். மது, தூக்க மாத்திரை இரண்டையும் தவிருங்கள். இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் தொடர்பான சிக்கல் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். தடுப்பு மாத்திரைகளையும் அவர் சொன்னால் மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தலைவலி வந்தால் உடன் வருபவரிடம் உடனே சொல்லுங்கள். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திராமல் கீழே இறங்குங்கள். இறக்கத்துக்கு ஈடான மருந்து வேறில்லை.

நாள்: பேருந்துப் பயணத் திட்டத்தில் குறைந்தது இரண்டு நாள்களை வெறுமையாக விட்டுவையுங்கள். அவை வீணான நாள்கள் அல்ல. மலைக்கு நாம் வைக்கும் முன்பணம்.

பணம்: சில கிராமங்களில் கைப்பேசித் தொடர்பே கிடையாது. ஊருக்குத் திரும்பப் போதுமான தொகையைச் சிறு மதிப்புத் தாள்களாக, இரண்டு வேறு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை தொலைந்தால் அதை முடக்குவதற்கான வங்கியின் எண்ணைத் தாளிலும் எழுதிவையுங்கள். பயணக் காப்பீடு எடுப்பவர்கள், அது எந்த உயரம் வரை செல்லும், அவசர மீட்புச் செலவை ஏற்குமா என்பவற்றைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

வந்து சேர்ந்த அட்டை

நாங்கள் வீடு திரும்பிப் பல நாள்கள் கழித்து, ஹிக்கிமில் போட்ட அட்டைகள் வந்து சேர்ந்தன. அண்ணன் தம் மனைவிக்கு எழுதியதை எங்களிடம் காட்டினார். எழுத்துகள் சற்றே சாய்ந்து, வரிகள் கீழ்நோக்கி இறங்கியிருந்தன. "உடம்பு நன்றாக இருக்கிறது. நாளை மறுநாள் குன்சும் தாண்டுகிறோம்" என்று இருந்தது அதில்.

அவர் அதை எறிந்துவிடவில்லை. தம் வங்கிக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். சென்ற மாதம் புதியதொரு தொடர் வைப்பைத் தொடங்கியிருக்கிறார் என்று அறிந்தோம். இம்முறை பயண நாள்கள் எத்தனை என்று கேட்டோம். "பதினெட்டு. அதில் நான்கு நாளுக்கு வேலையே இல்லை" என்றார்.